போஸ்ட்ஹியூமனிசமும் டிஸெபிலிட்டி ஸ்டடீஸும் சேர்த்து பிஎச்டி: கமிட்டியில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை

பொதிகைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத் துறையில் பிஎச்டி செய்கிறேன், இது இரண்டாவது வருடம். மனிதன் என்றால் யார் என்ற பழைய அளவுகோலையே கேள்வி கேட்கிற போஸ்ட்ஹியூமனிசமும், ஊனத்தைச் சமூகத்தோடு சேர்த்துப் படிக்கிற டிஸெபிலிட்டி ஸ்டடீஸும் சந்திக்கிற இடத்தில் வேலை செய்ய ஆசை. ஏன் இந்த ஆசை என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேள்வி புரியாது.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், செவி நரம்புக்கு ஒலியை அனுப்புகிற காக்ளியர் இம்பிளான்ட் வைத்தார்கள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். காதுக்குப் பின்னால் ஒலியை வாங்கும் ப்ராசஸர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் 'காயில்' என்ற கம்பிச்சுருள், உள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட எலும்புக்குள் போகிற மெல்லிய கம்பி. வீட்டில் கரண்ட் போனால் அம்மா முதலில் கேட்பது "தம்பி பேட்டரி சார்ஜ் ஏறிடுச்சா?" என்றுதான். எம்.ஏ. படிக்கும்போது பெண்ணியக் கோட்பாட்டாளர் டோனா ஹாராவே 1985இல் எழுதிய சைபோர்க் கட்டுரை பாடத்தில் இருந்தது. மனிதனும் இயந்திரமும் கலந்த உடல் என்று அவர் எழுதியிருந்ததை வகுப்பில் எல்லோரும் சயின்ஸ் ஃபிக்‌ஷனாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது எங்கள் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிற பையன். அன்றைக்குப் பிடித்தது இந்த ஆர்வம், இன்னும் விடவில்லை.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். போன வாரம் டாக்டரல் கமிட்டி கூடியது. என் ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸைப் படித்த ஒரு பேராசிரியர் கேட்டார்: "நம் ஊரில் மாற்றுத்திறனாளியை மனுஷனாக மதிக்கவே இன்னும் போராட்டம் நடக்கிறது. பஸ்ஸில் ஏற முடியவில்லை, ரேஷன் கடையில் படி ஏற முடியவில்லை. அவர்களிடம் போய் மனிதனைக் கடந்த நிலை என்று பேசுவது நியாயமா?" எனக்கு வாயடைத்துப்போனது. அவர் சொன்னதில் தவறே இல்லை என்று தோன்றியது, ஆனால் என் தம்பியின் உடலைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் மொழியும் அந்தப் போஸ்ட்ஹியூமனிசம்தான், அதை எப்படி விடுவது? கைடு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார். இந்தத் துறையில் இருப்பவர்கள், அல்லது மாற்றுத்திறனாளிகளே இங்கே இருந்தால், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நூலகமூலை எழுதியது:

அந்தப் பேராசிரியர் கேட்டது நல்ல கேள்வி. அதுதான் உங்கள் முதல் அத்தியாயம், வாயடைத்துப்போக வேண்டாம்.

முதலில் டிரான்ஸ்ஹியூமனிசத்தையும் போஸ்ட்ஹியூமனிசத்தையும் பிரித்துவிடுங்கள். நம் ஊரில் பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது. உடலின் குறைகளைத் தொழில்நுட்பத்தால் ஒவ்வொன்றாக நீக்கி, முதுமையையும் முடிந்தால் சாவையும் தள்ளிப்போட்டு, இன்னும் மேம்பட்ட மனிதனைச் செய்யலாம் என்பது டிரான்ஸ்ஹியூமனிசம். அதன் கண்ணில் உங்கள் தம்பியின் காது ஒரு பழுது, இம்பிளான்ட் ஒரு ரிப்பேர். போஸ்ட்ஹியூமனிசம் கேட்பது வேறு: மனிதன் என்று நாம் சொல்லும்போது மனதில் யாரை வைத்துச் சொல்கிறோம்? டா வின்சி வரைந்த படம் ஒன்று உண்டே, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கை கால் விரித்து நிற்கிற ஆண், அவன்தான் அளவுகோல். தத்துவவாதி ரோசி பிராய்டோட்டி 2013இல் எழுதிய புத்தகத்தில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி எழுப்புகிறார். அந்த வட்டத்துக்குள் பொருந்தாத உடல்கள், பெண்கள், அடிமைப்பட்ட நாடுகளின் மக்கள், ஊனமுற்றவர்கள், எல்லோரும் ஒரு படி குறைந்த மனிதர்களாகத்தான் கணக்கில் வந்தார்கள்.

டிஸெபிலிட்டி ஸ்டடீஸ் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தது. 1976இல் பிரிட்டனில் உடல் ஊனமுற்றவர்களே கூடி, உடலில் இருக்கும் குறைபாடு ஒன்று, அதற்கு மேல் சமூகம் சுமத்துகிற முடக்கம் இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார்கள். பின்னால் சமூகவியலாளர் மைக் ஆலிவர் அதற்குச் சமூக மாதிரி என்று பெயர் கொடுத்தார். படி ஏற முடியாததற்குக் காரணம் கால் இல்லை, படிதான்.

பிறகு ஏன் சண்டை என்றால், ஹாராவே அந்தக் கட்டுரையில் ஊனமுற்றவர்களைப் போகிறபோக்கில்தான் தொடுகிறார்: கருவிகளோடு கலந்து வாழும் அனுபவம் அவர்களிடம்தான் அதிகத் தீவிரமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். டிஸெபிலிட்டி ஆய்வாளர் அலிசன் கேஃபர் 2013இல் இதைத்தான் பிடிபிடியென்று பிடித்தார். ஊனமுற்றவர்கள் உதாரணத்துக்கு மட்டும் வருகிறார்கள், அவர்களுடைய அரசியல் வருவதில்லை. விவியன் சோப்சாக் சினிமா ஆய்வாளர், இடது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். கோட்பாட்டாளர்கள் செயற்கை உறுப்பு என்பதை உருவகமாக எங்கு பார்த்தாலும் பயன்படுத்துகிறார்கள், நிஜமாகவே செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு நடக்கிறவளை மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய கோபம்.

உங்கள் கமிட்டிக்குப் பதில் டிஸெபிலிட்டி ஆய்வாளர்கள் டான் குட்லி, ரெபெக்கா லாத்தம், கேத்ரின் ரன்ஸ்விக்-கோல் மூவரிடமும் இருக்கிறது. மனிதன் என்ற அளவுகோலைக் கேள்வி கேட்பதும், நானும் மனிதன்தான் என்று உரிமை கேட்பதும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்கிற காரியம் என்கிறார்கள் அவர்கள். யோசித்துப் பாருங்கள், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு கேட்டு மனு எழுதுகிற அதே பெண், மாலையில் வீல்சேரில் கடற்கரைக்குப் போய், நடப்பதுதான் இயல்பு என்று எவன் சொன்னது என்று கேட்கலாம். இரண்டும் முரண் இல்லை. எனவே ஒன்றை எடு என்று கைடு சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

வெண்கோல் எழுதியது:

எனக்குப் பார்வை இல்லை, வரலாற்றுத் துறையில் ஆய்வாளன். மேலே நண்பர் எழுதியதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

இந்தத் திரியை நான் என்விடிஏ வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கிய, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் இலவச ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் அது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஸ்கிரீன் ரீடர்கள் அதற்கு முன்பே இருந்தன, எங்களைப் போன்றவர்களால் வாங்க முடியாது. ஆங்கிலப் புத்தகத்தைச் சாதாரணப் பேச்சைவிட மூன்று மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறேன், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வெறும் இரைச்சல். சைபோர்க் என்று நீங்கள் சொல்கிற அனுபவம் இது என்றால், ஆமாம், எனக்கு அது உண்டு, பிடித்தும் இருக்கிறது.

ஆனால் தமிழுக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் மென்பொருளுக்கு அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளைச் சம்பந்தம் இல்லாமல் உளறும். ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய ஆய்வேடு என்றால் பக்கத்துக்குப் பக்கம் மௌனம். எந்தக் கணினியிலும் தமிழாகவே படிக்கிற யூனிகோடு முறையை அரசுத் தரமாகத் தமிழ்நாடு 2010இலேயே அறிவித்துவிட்டது, இன்றைக்கும் எனக்கு வருகிற சுற்றறிக்கைகளில் பாதி படம். நான் படித்த ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் கேட்டும் ஒரு பாடப்புத்தகம்கூட படிக்கிற வடிவத்தில் கிடைக்கவில்லை. விடுதி அறைத் தோழன் இரவெல்லாம் வாசித்துக் காட்டினான், தேர்வில் நான் சொல்லச் சொல்ல ஸ்க்ரைப் எழுதினார், என் பட்டத்தில் அவர்கள் இருவரின் தொண்டையும் கையும் இருக்கின்றன. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு நன்றியும் கோபமும் ஒன்றாக வருகின்றன.

ஆக, போஸ்ட்ஹியூமனிசத்தில் எனக்கு உபயோகமாக இருப்பது இயந்திரத்தைப் பற்றிய பகுதி இல்லை. தனித்து நிற்கும், யாரையும் சாராத மனிதன் என்று ஒருவன் கிடையாது என்கிறதே, அந்தப் பகுதி. பார்வையுள்ளவர்களும் சார்ந்துதான் வாழ்கிறார்கள், அவர்கள் சார்ந்திருக்கும் விளக்கும் அச்சும் சாலைப் பலகையும் கேட்காமலே கிடைத்துவிடுவதால் அது அவர்களுக்குத் தெரிவதில்லை. இந்த இடத்தில் எழுதுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தம்பியைக் கேட்டீர்களா?

மழலை_பயிற்சி எழுதியது:

காக்ளியர் இம்பிளான்ட் வைத்த குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை, பதினாறு வருடமாக. கோட்பாடு எனக்குத் தெரியாது, ஆனால் தங்கை எழுதிய பேட்டரி விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களிடம் வரும் பெற்றோருக்கு ஸ்விட்ச் ஆன் நாள்தான் திருவிழா. குழந்தை முதன்முதலில் ஒலியைக் கேட்டுத் திரும்புகிற நாள், பாட்டி தாத்தா எல்லாம் வருவார்கள், ஃபோனில் வீடியோ எடுப்பார்கள். பத்திரிகையில் வருவதும் அந்த நாள்தான். அதற்குப் பிறகு வருகிறதே வாழ்க்கை, அது மேப்பிங், அதாவது குழந்தைக்கு ஏற்றபடி கருவியின் ஒலி அளவைச் சரிசெய்வது, திரும்பத் திரும்ப மேப்பிங், வாரா வாரம் பயிற்சி, அறுந்துபோன கேபிள், வியர்வையில் கெட்டுப்போன மைக், காயில் வர ஒரு மாதம் ஆகும் என்ற பதில், அந்த ஒரு மாதமும் குழந்தைக்குச் சத்தமே இல்லை. சில வருடம் கழித்து அந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் வராது, புது ப்ராசஸர் வாங்குங்கள் என்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆகும். தினக்கூலிக்குப் போகிற அப்பா எங்கே போவார்? அறுவைச் சிகிச்சைக்குத் திட்டம் கைகொடுத்த வேகத்தில் பராமரிப்புக்கும் கைகொடுத்திருந்தால் நான் பார்த்த பல பிள்ளைகள் இன்று பேசிக்கொண்டிருப்பார்கள். மிஷேல் ஃப்ரீட்னர் என்ற மானுடவியலாளர் இந்தியாவில் காக்ளியர் இம்பிளான்ட் பற்றியே 2022இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், எங்கள் அறையில் நடக்கிறதை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

பார்வைக்கும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம் ஆர்கஸ் 2 என்று விழித்திரையில் வைக்கும் இம்பிளான்ட் செய்தது, 60 எலக்ட்ரோடு, கண்ணாடியில் சின்ன கேமரா. உலகம் முழுவதும் சுமார் 350 பேர் வைத்துக்கொண்டார்கள். 2020இல் நிறுவனம் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது, கருவி தயாரிப்பதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்குள் கருவி இருக்கிறது, பழுதானால் பார்க்க ஆள் இல்லை. தங்கச்சி, மனிதனும் இயந்திரமும் கலந்த உடல் என்று எழுதும்போது, அந்த இயந்திரத்தின் வாரண்டி யார் கையில் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. சைகை மொழி கற்றுக்கொண்டால் பிள்ளை பேசாது என்று பெற்றோரிடம் சொல்லச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நானும் பல வருடம் சொன்னேன். ப்ராசஸர் பழுதாகி, கையில் சைகையும் இல்லாமல், உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு இப்போதெல்லாம் சொல்வதில்லை. இரண்டும் கற்றுக்கொடுங்கள் என்கிறேன்.

தெற்குவீதி எழுதியது:

தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் ஆய்வு ஆங்கிலத்தில் என்றாலும், இந்தக் கேள்வி தமிழில் பழையது என்று சொல்லத் தோன்றியது.

அரிது அரிது மானிடராதல் அரிது என்று பள்ளியில் ஒப்பித்திருப்பீர்கள். ஔவையார் பெயரில் வழங்கும் அந்தப் பாட்டின் அடுத்த படியைக் கவனித்தீர்களா? மானிடராய்ப் பிறந்தாலும் கூன், குருடு, செவிடு, பேடு நீங்கிப் பிறத்தல் அரிது. மனிதப் பிறவியே ஏணி, அதிலும் மேல் படி கீழ்ப் படி. நாற்பது வருடம் இதைப் பாராட்டிப் பாராட்டிப் பாடம் நடத்தினேன், வகுப்பில் போலியோ வந்த மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்பதை இன்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அதற்கும் முன்னால், புறநானூறு 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. குருடு, உறுப்பில்லாத பிண்டம், கூன், குறள் (குள்ளம்), ஊமை, செவிடு, மா, மருள் (மயக்கம்) என்று எட்டையும் எண்பேர் எச்சம் என்கிறார். எச்சம் என்றால் குறை. இதில் 'மா' என்ற சொல்லில் நின்று பாருங்கள். விலங்கு வடிவாய்ப் பிறந்த பிறவி என்று உரை சொல்கிறது. ஊனமும் விலங்கும் மனிதனின் எல்லைக்கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. தாங்கள் படிக்கும் கோட்பாட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி இதுதானே?

சொல் ஒன்றும் தருகிறேன். பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி ஐம்பொறி. இயந்திரமும் பொறி, பொறியியல் என்ற சொல் அதிலிருந்து வந்தது. பொறியின்மை யார்க்கும் பழியன்று என்ற குறளில் பொறி என்பதற்கு ஊழ் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார், உடலுறுப்பு என்று கொள்பவர்களும் உண்டு. புலனுக்கும் இயந்திரத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் தங்கள் தம்பியின் செவிப்பொறியைப் பற்றி எழுதப் போகிறீர்கள், ஒரு பத்தியாவது அதற்கு ஒதுக்குங்கள்.

நிலாவின்_அம்மா எழுதியது:

ஐயா சொன்ன தமிழ்க் கணக்கில் ஆறறிவு என்று ஒன்று உண்டு, தொல்காப்பியத்தில் மக்கள் ஆறறிவு உயிர் என்று. என் மகளுக்கு அறிவுசார் குறைபாடு, வயது பத்தொன்பது, பேச மாட்டாள். சொந்தக்காரர் ஒருவர் என் முன்னாலேயே "ஆறாவது அறிவு இல்லாத பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். சமூக மாதிரியில் சாய்தளம் கட்டலாம், என் மகளுக்கு எந்தச் சாய்தளம்? இதுவரை இங்கே பேசியவர்கள் பெரும்பாலும் கருவியைப் பற்றியே பேசினீர்கள். பகுத்தறிவு இருந்தால்தான் மனிதன் என்பதைக் கேள்வி கேட்கிற படிப்பு இருக்கிறது என்றால் அதை விட்டுவிடாதீர்கள், எங்களுக்கு அது தேவை.

வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாக இந்தத் திரியை வாசிக்கிறேன், நிலாவின் அம்மா எழுதியதை வாசித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் மிதிவெடியில் வலது கால் போனது, முழங்காலுக்குக் கீழே. இப்போது போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால். வெளிநாட்டுக்காரர் காட்டுகிற பளபளப்பான கார்பன் கால்களோடு இதை ஒப்பிட்டுக் கதைக்கிறார்கள், மலிவானது என்று. அந்தக் கால் ஏன் வந்தது தெரியுமா? மேற்கில் செய்த செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் போடுவதற்கென்று செய்தது. சம்மணம் போட்டு இருக்க முடியாது, குந்தி இருக்க முடியாது, வெறுங்காலோடு நடக்க முடியாது, வயல் சேற்றில் இறங்க முடியாது. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பரில் பாதம் செய்தது இதற்காகத்தான். நல்லூர்த் திருவிழாவுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது, நான் இந்தக் காலோடு வெறுங்காலாகத்தான் போகிறேன். எந்த உடம்புக்கு, எந்தத் தரைக்கு என்று கேட்காமல் மனித உடம்பும் இயந்திரமும் என்று பொதுவாக எழுதினால் எங்களுக்கு அதில் இடம் இல்லை.

இன்னொன்று, தங்கச்சி. இந்தக் கால் என் உடம்பில் சேர்ந்த இரண்டாவது இயந்திரம். முதலாவது மிதிவெடி. அதையும் மனிதர்தான் செய்தார்கள், போரில் இரண்டு பக்கமும் புதைத்தார்கள். ஜஸ்பீர் புவார் என்று ஒருவர் 2017இல் உடல்களை முடமாக்குவதே ஓர் ஆட்சி முறையாக இருப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார், பலஸ்தீனத்தை வைத்து. என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அவள்தான் வாசித்துச் சொன்னாள். ஊனத்தைக் கொண்டாடலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை, என் காலைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று கேட்காத கொண்டாட்டம் எனக்கு வேண்டாம்.

பொதிகைச்சாரல் எழுதியது:

எல்லோரும் எழுதியதை அச்செடுத்து வைத்துப் படித்தேன், நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை.

வெண்கோல் அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான், நான் தம்பியைக் கேட்டிருக்கவே இல்லை. அவனுடைய காதை வைத்து இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று இரவு கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ராத்திரி இதைக் கழட்டி வச்சிடுவேன்ல, அப்ப நான் என்னவா இருப்பேன்னு உன் புக்ல போட்டிருக்கா?" என்று கேட்டான். போடவில்லை. கழற்றி வைக்கும் நேரம் எனக்குப் பிடிக்கும் என்றான், வகுப்பில் எட்டு மணி நேரம் கவனித்துக் கேட்டால் தலை வலிக்கிறதாம், அந்த அமைதிக்காகவே சில நாள் சீக்கிரம் படுத்துவிடுகிறானாம். இம்பிளான்ட் வைத்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது. சைகை மொழி கற்றுக்கொள்ள ஆசை என்றும் சொன்னான், அம்மாவிடம் சொல்லப் பயமாம். பேச்சுப் பயிற்சி அக்கா, அம்மாவிடம் நீங்கள் ஒருமுறை பேசினால் நன்றாக இருக்கும், உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்புகிறேன்.

சினாப்சிஸை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு துறையையும் விடவில்லை, கைடிடம் சொல்லிவிட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். சைபோர்க் என்று தொடங்கிய முதல் அத்தியாயம் இப்போது பராமரிப்பில் இருந்து தொடங்குகிறது: கேபிள், பேட்டரி, உதிரிபாகம், மேப்பிங், வாசித்துக் காட்டும் தோழன். சென்னை மெரினாவில் வீல்சேர் கடல்வரை போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்களே, இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள், அதையும் சேர்க்கிறேன். கமிட்டிப் பேராசிரியர் கேட்டதற்கு நிலாவின் அம்மா எழுதியதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை, அம்மா, உங்கள் அனுமதி இருந்தால் பெயரில்லாமல் அதை எடுத்துச்சொல்கிறேன். வல்லைவெளி அண்ணா, மிதிவெடி பற்றி நீங்கள் எழுதியதற்கு எந்த அத்தியாயத்தில் இடம் என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் அதை விட்டுவிட்டு இந்த ஆய்வை முடிக்க மாட்டேன். ஐயா, 'பொறி' தலைப்பிலேயே வந்துவிட்டது.

கழற்றி வைத்த நேரத்துக்கென்று ஓர் அத்தியாயம் தம்பியோடு சேர்ந்து எழுதலாம் என்றிருக்கிறேன், அவன் பரீட்சை முடியட்டும் என்கிறான்.

அடுத்த கமிட்டி இருபத்தி மூன்றாம் தேதி. வெண்கோல் அண்ணா, புது சினாப்சிஸை நாளை உங்களுக்கு அனுப்புகிறேன். வேர்டு கோப்பு, முழுக்க யூனிகோடு, உள்ளே ஒரே ஒரு படம், அதற்கும் விளக்கம் எழுதிவிட்டேன். எங்காவது வாசிக்காமல் நின்றால் சொல்லுங்கள்.